இலக்கம் விழாத அழைப்பு

லண்டனில் இருக்கும் எங்கள் ஆட்கள் பலருக்குக் குடும்ப வைத்தியரின் சேர்ஜரி மீது ஒரு தீராத மனத்தாங்கல் உண்டு. "அடிச்சவையாம், நான் எடுக்கேல்லையாம். ஆர் அடிச்சதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்பார்கள். ஜீ.பி. சேர்ஜரியில் இருந்து வரும் அழைப்பு பல இடங்களில் இன்றைக்கும் இலக்கம் காட்டாமல்தான் வருகிறது. கைத்தொலைபேசித் திரையில் 'நோ கோலர் ஐடி' என்று விழும். அதைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விடுகிறவர்களே அதிகம். மறுபக்கத்தில் சேர்ஜரிக்காரருக்கும் ஒரு மனத்தாங்கல்: "இரண்டு முறை அழைத்தோம், நோயாளி எடுக்கவில்லை" என்று குறிப்பு எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்கள். வடமேற்கு லண்டனில் ஒரு சேர்ஜரியின் வரவேற்பு மேசையில் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். இரண்டு பக்கத்து மனத்தாங்கலையும் காதால் கேட்டிருக்கிறேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். வயது போன பிறகு, எது எதற்காகத் தொடங்கியது என்று நிதானமாக நினைத்துப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

இலக்கத்தை மறைத்து அடிப்பது கெட்ட எண்ணத்தில் தொடங்கிய வழக்கம் அல்ல. இதைப் பின்னால் வந்தவர்கள் அறியமாட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் தொலைபேசி மணி அடித்தால், எடுத்துக் காதில் வைத்த பிறகுதான் மறுமுனையில் யாரென்று தெரியும். லண்டன் வீடுகளில் அது பெரும்பாலும் வாசல் நடையில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன மேசையில் இருக்கும். யார் எடுத்தாலும் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும். 1994ஆம் ஆண்டின் கடைசியில் பிரிட்டிஷ் ரெலிகொம் புதிய வசதிகளைக் கொண்டுவந்தது. 1471 என்று அடித்தால், கடைசியாக உங்களை அழைத்த இலக்கத்தை ஒரு குரல் வாசித்துச் சொல்லும். காசு கட்டினால், அழைக்கும்போதே இலக்கத்தைக் காட்டும் ஒரு சின்னப் பெட்டியைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தன் இலக்கத்தைக் காட்ட விரும்பாதவர், அடிக்க முன்னர் 141 என்ற மூன்று எண்களைத் தட்டிவிட்டால் போதும்.

ஊரெல்லாம் அதைப் பெரிய வசதியாகக் கொண்டாடியது. எங்கள் மேசைக்கு அது வேறு விதமாக வந்து சேர்ந்தது.

ஒரு பெண். எந்த ஊர், என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டாம். அந்த மேசையில் கேட்ட எதையும் அடையாளம் தெரியும்படி நான் சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டேன். அவர் வந்து மேசையின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, பின்னால் இருக்கும் கதிரைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார்: "தங்கச்சி, வீட்டுக்கு அடிக்காதேங்கோ. அடிக்கத்தான் வேணுமெண்டால் நம்பர் விழாமல் அடியுங்கோ. அவர் வேலையாலை வந்தவுடனை 1471 அடிச்சுப் பாக்கிறவர்."

சப்பாத்தைக் கழற்ற முன்னரே அடித்துப் பார்ப்பாராம். ஒவ்வொரு நாளும். இலக்கம் எங்கள் சேர்ஜரியினதாக இருந்தால், ஏன் போனாய், யாரிடம் என்ன சொன்னாய் என்று விசாரணை தொடங்கும். அந்தப் பெண் குழந்தை உண்டாகாமல் இருக்க ஒழுங்கு செய்துகொள்ள வந்தவர். வேறு எந்தக் குற்றமும் செய்யவில்லை.

கணவன் மனைவியைக் கண்காணிப்பதும் கட்டுப்படுத்தி வைப்பதும் குற்றம் என்று இங்கிலாந்தின் சட்டம் சொன்னது அதற்கு இருபது வருடங்களுக்குப் பிறகுதான். 2015இல் வந்த சட்டத்தில்தான் அதற்குத் தனிப் பிரிவு உண்டானது. சட்டம் கண்ணைத் திறக்கும் வரைக்கும் அப்படிப்பட்ட பெண்களுக்குத் துணையாக இருந்தவை 141 போன்ற சின்னச் சின்ன ஏற்பாடுகள். அவரைப் போலவே இன்னும் பலர் இருந்தார்கள், வயது குறைந்த பிள்ளைகள் உட்பட. 1985இல் பிரபுக்கள் சபை கில்லிக் வழக்கில் ஒரு முடிவு சொன்னது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையாக இருந்தாலும், சொல்லப்படுவதை விளங்கிக்கொள்ளும் பக்குவம் இருந்தால், பெற்றோருக்குத் தெரியாமலே வைத்தியரின் ஆலோசனையைப் பெறலாம் என்பது அதன் சாரம். சட்டம் அப்படிச் சொல்லிவிட்டது. ஆனால் மறுநாள் சேர்ஜரி அழைத்தால், தொலைபேசியை எடுப்பது தாய்தானே. மனநல மருந்து எடுப்பதைத் தமையனிடம் மறைத்த இளைஞர், கருச்சிதைவைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காத பெண், பாலியல் நோய்ப் பரிசோதனைக்கு வந்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் போனவர் என்று மேசைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு காது இருந்தது. அதனால் எங்கள் சேர்ஜரியின் எல்லாத் தொலைபேசிகளிலும் இலக்கத்தை மறைத்துவிட்டார்கள். அந்த முடிவை எடுத்த மூத்த வைத்தியர் மிகவும் மனிதாபிமானம் உள்ளவர். நோயாளியின் தகவல் எப்படிக் கையாளப்பட வேண்டும் என்று 1997இல் டேம் பியோனா கால்டிகொட் தந்த அறிக்கையை அச்சடித்து எங்கள் எல்லோருக்கும் கையில் தந்து, "வாசித்துவிட்டு வாருங்கள், கேள்வி கேட்பேன்" என்றவர். கேள்வியும் கேட்டார்.

இலக்கத்தை மறைத்தால் மட்டும் இரகசியம் நிற்குமா? எங்கள் குடும்பங்களில் அது அவ்வளவு சுலபம் இல்லை. மருமகளைத் தேடி அழைத்தால் மாமியார் எடுப்பார். "ஆர் பிள்ளை கதைக்கிறது?" என்று தொடங்கும். நான் என் முதற்பெயரை மட்டும் சொல்வேன். எங்கிருந்து அழைக்கிறேன் என்று சொல்லக்கூடாது, அது விதி. "எந்த ஊர் பிள்ளை? ஆற்றை மகள்?" என்பார். உரும்பிராய் என்று சொன்னால் உரும்பிராயில் எந்தப் பக்கம் என்பார், கோயிலடியோ சந்தியடியோ என்பார். இன்னும் இரண்டு கேள்வி போனால் என் பெரியம்மாவின் சம்பந்தி வரைக்கும் வந்துவிடுவார். "பிறகு எடுக்கிறன் அம்மா" என்று வைத்துவிட்டு, மருமகள் வேலை செய்யும் இடத்துக்கு எப்போது அழைக்கலாம் என்று குறிப்பைத் தேடுவேன். அப்படித் தேடப் பழகியதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். ஒருவரை எப்படி அழைப்பது பாதுகாப்பு என்பது அவரவருக்குத்தான் தெரியும். அதை அவரிடமே கேட்டு எழுதி வைத்திருந்தால் ஒழிய, மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் ஊகித்து அறிய முடியாது.

விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததுதான் சிக்கல். அதை எனக்கு முழுமையாகக் காட்டியது 2009.

அந்த வருடத்தின் முதல் ஐந்து மாதங்களை லண்டன் தமிழர் எப்படிக் கடந்தார்கள் என்று அப்போது இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாடாளுமன்றத்துக்கு முன்னால் சனம் இரவு பகலாக நின்றது. போர் நடந்த வன்னியில் இருந்தவர்களைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. மே மாதம் போர் முடிந்த பிறகு, செட்டிகுளத்தில் மனிக் பாம் முகாமுக்குள் இருந்தவர்கள் எப்படியாவது ஒரு தொலைபேசியைத் தேடிப் பிடித்து அழைப்பார்கள். அப்படி வரும் அழைப்புக்கு ஒழுங்கான இலக்கம் இராது. தொலைபேசி அட்டை வழியாக வந்தாலும் சரி, வேறு வழியாக வந்தாலும் சரி, பலருக்கு அது இலக்கம் இல்லாத அழைப்பாகவே விழுந்தது. ஆகையால் அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் இலக்கம் விழாத அழைப்பென்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். குளித்துக்கொண்டிருந்தாலும் ஓடிவந்து எடுப்பார்கள்.

ஒரு தாயை அழைத்தேன். நீரிழிவுக்கான இரத்தப் பரிசோதனைக்குத் திகதி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் மணி முழுதாக அடித்து முடியவில்லை.

"ராசா!"

அந்தச் சொல்லில் இருந்த அவசரத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. "அம்மா, நான் சேர்ஜரியிலை இருந்து கதைக்கிறன்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னால் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, மிகவும் மரியாதையாக, "சொல்லுங்கோ பிள்ளை" என்றார். திகதியைச் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். எழுதிக்கொண்டார். நன்றி சொல்லி வைத்தார். அவருடைய இரத்தச் சீனியைப் பற்றி அக்கறைப்பட்டு அழைத்த எங்கள் அழைப்பு அன்றைக்கு அவருக்குக் கொடுத்தது அந்த ஏமாற்றம்தான்.

அன்று மாலையே நிர்வாகியிடம் போனேன். அவர் ஓர் ஐரிஷ் பெண்மணி. நான் சொன்னதை முழுவதும் கேட்டார். எங்கள் தொலைபேசிகள் நிரந்தரமாக இலக்கம் மறைத்தவை என்றாலும், 1470 என்று முன்னால் தட்டினால் அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் இலக்கம் காட்டும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இதுவரை யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. "யார் யாருக்கு வேண்டும் என்று நீ கேட்டு எழுது, நான் அனுமதி தருகிறேன்" என்றார். அடுத்த சில வாரங்கள் எங்கள் தமிழ் நோயாளிகள் மேசைக்கு வரும்போதெல்லாம் கேட்டேன். கணினியில் அவரவர் பதிவைத் திறந்தவுடன் கண்ணில் படும்படி ஒரு சின்னக் குறிப்பைப் போட்டு வைத்தேன்: இவருக்கு இலக்கம் காட்டி அடிக்கவும். இவருக்கு மறைத்து அடிக்கவும். இவருக்கு வீட்டுக்கு அடிக்கவே வேண்டாம்.

அந்தக் குறிப்பு ஓர் உயிரைக் காப்பாற்றும் என்று அப்போது நினைக்கவில்லை. சில வருடங்கள் கழித்து, சேர்ஜரி பூட்டும் நேரத்துக்கு, ஆறரை மணி ஆகப் போகிறது, ஆய்வுகூடத்தில் இருந்து அழைத்தார்கள். முதியவர் ஒருவரின் இரத்தத்தில் பொட்டாசியம் 6.5ஐத் தாண்டிவிட்டது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ரமிப்ரில், இருதயப் பலவீனத்துக்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலக்ரோன் இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு, சிறுநீரகம் கொஞ்சம் களைத்தாலும் பொட்டாசியம் ஏறிவிடும். அந்த அளவுக்குப் போனால் இருதயத் துடிப்பு எந்த நேரமும் தடுமாறலாம். பல நேரம் உடம்பில் ஒரு நோவும் தெரியாது. அவர் வீட்டில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

புதிதாக வந்திருந்த வைத்தியர் தன் அறையில் இருந்து அழைத்தார். மணி அடிக்கவே இல்லை. பதிவு செய்த ஒரு குரல், இந்த இலக்கத்துக்கு உரியவர் இலக்கத்தை மறைத்து அழைப்பவர்களை ஏற்பதில்லை என்று சொல்லி முடித்துவிட்டது. விற்பனைக்காரர் தொல்லை தாங்காமல் அவருடைய மகன் தொலைபேசிக் கம்பனியிடம் சொல்லி அந்தத் தடுப்பைப் போட்டுக் கொடுத்திருந்தார். வைத்தியர் திரும்பவும் அடித்தார், அதே குரல். பொலிசாரைத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று எழும்பி வந்தார். அவர் கையில் இருந்த தாளில் பெயரைப் பார்த்தேன். பதிவைத் திறந்தேன். குறிப்பு இருந்தது. 1470ஐத் தட்டிவிட்டு அடித்தேன்.

"ஓம், சொல்லு பிள்ளை."

அம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை அவரோடு கதைத்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்துவிட்டு நலமாகத் திரும்பி வந்தார். நேரே மேசைக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளை, டொக்டர் ஏன் ஒளிச்சு அடிக்கிறவர்? நான் அவருக்குக் கடன்காரனே?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தொலைபேசிக்கு எண் என்ற ஒன்று வந்ததே ஒரு வைத்தியரால்தான் என்று பின்னால் வாசித்தபோது அவருடைய கேள்விதான் நினைவுக்கு வந்தது. 1879இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் லோவெல் என்ற ஊரில் சின்னமுத்து பரவியது. அப்போதெல்லாம் பெயரைச் சொன்னால் இணைப்பகத்தில் இருப்பவர் கம்பியைப் பொருத்தி விடுவார். யாருடைய கம்பி எங்கே என்பது அந்தச் சிலருடைய நினைவில் மட்டும் இருந்தது. அவர்கள் எல்லோரும் ஒரேயடியாகப் படுத்துவிட்டால் ஊரே தொடர்பற்றுப் போகும் என்று மோசஸ் கிரீலி பார்க்கர் என்ற வைத்தியர் பயந்தார். ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் புதிதாக வருபவரும் இணைத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். ஊர் தொடர்பற்றுப் போகக்கூடாது என்ற ஒரு வைத்தியரின் கவலையில் பிறந்த எண் அது. வைத்தியர் பக்கத்தில் இருந்தே அதை மறைக்கும் நிலை வந்தது என்றால், அதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

காரணம்தான் காலப்போக்கில் மறந்துபோனது. மூத்த வைத்தியர் ஓய்வு பெற்றார், ஐரிஷ் நிர்வாகியும் போனார். பின்னால் வந்த ஒருவரிடம், ஏன் இன்னும் எல்லா அழைப்பையும் மறைக்கிறோம் என்று கேட்டேன். "இலக்கம் தெரிந்தால் நோயாளிகள் நேரே வைத்தியரின் அறைக்குத் திருப்பி அடிப்பார்கள். வேலை கெடும்" என்றார். பயந்து வாழ்ந்த பெண்ணுக்காகச் செய்த ஏற்பாடு, எங்கள் வசதிக்கான ஏற்பாடாக மாறிவிட்டிருந்தது. அவர் சொன்ன சிரமம் பொய்யல்ல. வைத்தியர் ஒரு நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருக்கும்போது இன்னொருவர் தன் மாத்திரையைப் பற்றிக் கேட்க அடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அதற்கு வழி உண்டு. எந்த அறையில் இருந்து அழைத்தாலும் சேர்ஜரியின் பொது இலக்கம் மட்டும் திரையில் விழும்படி தொலைபேசிக் கம்பனியால் செய்து தர முடியும். ஒழுங்கான வியாபார நிறுவனங்கள் எல்லாம் அப்படித்தான் செய்கின்றன.

இதற்கிடையில் ஊர் எதிர்ப்பக்கம் போய்விட்டது. 2016 மே மாதத்தில் இருந்து, விற்பனைக்காக அழைக்கும் நிறுவனங்கள் தங்கள் இலக்கத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்று பிரித்தானியாவில் விதி வந்தது. வங்கிகளும் முதியோர் சங்கங்களும், தெரியாத அழைப்பை எடுக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்கின்றன. நல்ல புத்திமதிதான். வரித் திணைக்களம் என்றும் குடிவரவுத் திணைக்களம் என்றும் சொல்லி எங்கள் முதியவர்களிடம் சேமிப்பைப் பிடுங்கிய கதைகள் எனக்குத் தெரியும். காட்டுகிற இலக்கமே பொய்யாக இருக்கலாம் என்பதும் உண்மை. சந்தேகம் வந்தால் வைத்துவிட்டு, தெரிந்த இலக்கத்துக்கு நீங்களே அடியுங்கள். வங்கி என்று சொன்னால் 159 என்று அடித்துக் கேட்கலாம். ஆனால் இத்தனை எச்சரிக்கையையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் முதியவரைத்தான் சேர்ஜரி "அழைத்தால் எடுக்காதவர்" என்று எழுதிக்கொள்கிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை. சொன்னபடி கேட்டு நடந்தவருக்கு அது தண்டனையாக முடியலாமா?

கொரோனாக் காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. 2020 மார்ச்சில் இருந்து வைத்தியம் பெரும்பாலும் தொலைபேசியில்தான் நடந்தது. தனிமைப்பட்ட வைத்தியர்கள் வீட்டில் இருந்து தங்கள் சொந்தக் கைத்தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்கள் 141 போட்டதில் தவறே இல்லை. சொந்த இலக்கத்தை ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுக்க யாரால் முடியும்? "காலையில் ஒரு பிரைவேட் இலக்கத்தில் இருந்து வைத்தியர் அழைப்பார், தயவுசெய்து எடுக்கவும்" என்று முன்கூட்டியே குறுஞ்செய்தி அனுப்பினோம். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது உதவியது. மற்றவர்களுக்கு நான் ஒவ்வொருவராக அழைத்துத் தமிழில் சொன்னேன். "விடியத் துவக்கம் போனைக் கையிலையே வைச்சிருக்கிறன் பிள்ளை, கக்கூசுக்கும் போகேல்லை" என்றார் ஒரு அம்மா. அழைப்பைத் தவறவிட்டால் திருப்பி அடிக்க இலக்கம் இல்லை. பொது இலக்கத்துக்கு அடித்தால் வரிசையில் எத்தனையாவது ஆள் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பிறகு அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு முதலில் இருந்து தொடங்க வேண்டும். எட்டு மணிக்கு லண்டன் முழுவதும் சேர்ஜரிக்கு அடிக்கும் என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குரல் அழைப்பில் இலக்கத்தை மறைக்கிற அதே சேர்ஜரிகள், குறுஞ்செய்தி அனுப்பும்போது தங்கள் பெயரைப் பெரிதாகப் போட்டு அனுப்புகின்றன. பூட்டிக் கிடக்கும் திரையிலேயே சேர்ஜரியின் பெயரும், இன்ன பரிசோதனைக்கு நேரம் எடுக்கவும் என்ற வாசகமும் பளிச்சென்று விழும். சமையலறை மேசையில் கிடக்கும் தொலைபேசியை வீட்டில் யாரும் பார்க்கலாம். 1471ஐ அடித்துப் பார்க்கும் சிரமம்கூட இல்லை. மறைப்பது அந்தப் பெண்ணுக்காகத்தான் என்றால் இதையும் அல்லவா யோசித்திருக்க வேண்டும்? இதை நான் ஒரு கூட்டத்தில் கேட்டேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு குறுஞ்செய்தியின் வாசகத்தை மாற்றினார்கள். அந்த அளவில் நன்றி.

என்னைக் கேட்டால், பொது இலக்கத்தைக் காட்டி அடிப்பதே வழக்கமாக இருக்க வேண்டும். மறைத்து அடிக்கச் சொல்கிறவருக்கு, ஒரு கேள்வியும் கேட்காமல் மறைத்து அடிக்க வேண்டும். சிலர் இதற்கு மறுப்புச் சொல்வார்கள்: ஆபத்தில் இருக்கும் பெண் வாய் திறந்து கேட்கமாட்டாள், ஆகவே எல்லோருக்கும் மறைப்பதுதான் பாதுகாப்பு என்று. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அந்தப் பெண்களைப் பார்த்தவள் நான். ஆனால் சந்தேகப் புத்தி உள்ள கணவனுக்கு இலக்கம் இல்லாத அழைப்பு இன்னும் பெரிய சந்தேகத்தைக் கொடுக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். "ஆர் அவன் ஒளிச்சு அடிக்கிறவன்?" என்று தொடங்கிய சண்டையின் காயத்துக்கு எங்கள் நேர்ஸ் மருந்து கட்டினார். மறைத்தாலும் ஆபத்து, காட்டினாலும் ஆபத்து என்கிற வீட்டுக்கு, அழைக்காமல் இருப்பதுதான் வழி. அந்தப் பெண் அடுத்த முறை குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும்போது நேரில் சொல்ல வேண்டும். கேட்டு அறியாமல் இதில் எதையும் செய்ய முடியாது.

கேட்பது ஒன்றும் புதிய சுமை அல்ல. காது கேளாதவர், பார்வை குறைந்தவர் ஆகியோரிடம் எந்த விதத்தில் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டுப் பதிந்து வைப்பது 2016இல் இருந்து இங்கே சேர்ஜரிகளின் கடமை. அந்தக் கேள்வியோடு இன்னும் இரண்டு வரி சேர்த்தால் முடிந்தது. பொது இலக்கத்தைக் காட்டுவதற்கும் இதுவே நல்ல நேரம்: பழைய செப்புக் கம்பித் தொலைபேசிகளை 2027 ஜனவரிக்குள் நிறுத்திவிடப் போகிறார்கள். சேர்ஜரிகள் இணையவழித் தொலைபேசிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. புதிய ஏற்பாட்டை அமைக்க ஆட்கள் வந்து நிற்கும்போதே பொது இலக்கம் விழும்படி செய்யச் சொல்லிவிடலாம். நீங்கள் நோயாளியாக இருந்தால், சேர்ஜரியின் இலக்கத்தை உங்கள் தொலைபேசியில் பதிந்துகொண்டு, "எனக்கு இலக்கம் காட்டி அடியுங்கள்" என்று மேசையில் சொல்லுங்கள். கேட்டால் எழுதிக்கொள்வார்கள். மேசையில் இருக்கும் பிள்ளைகள் பொல்லாதவர்கள் அல்ல, நெருக்கடியில் இருப்பவர்கள்.

சேர்ஜரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது, கேள்வியை எங்கே வைத்துக் கேட்பது என்பதைப் பற்றி. புதிதாகப் பதிகிறவருக்குக் கொடுக்கும் படிவத்தில் அதைப் போட்டுவிட்டு, கேட்டாயிற்று என்று இருந்துவிட வேண்டாம். எங்கள் குடும்பங்களில் அந்தப் படிவத்தை மனைவிக்காகக் கணவன் நிரப்புவார், தாய்க்காக மகன் நிரப்புவான். எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்ற இடத்தில் தன் இலக்கத்தையே எழுதிக் கொடுப்பார். அன்பினால் எழுதுகிறவரே அதிகம், ஆனாலும் எல்லோரும் அல்ல. வரவேற்பு மேசையும் சரிவராது, பின்னால் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரத்த அழுத்தம் பார்க்க நேர்ஸ் உள்ளே கூப்பிடும்போது, கதவைச் சாத்திய பிறகு, அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும். ஆங்கிலம் போதாதென்றால் சேர்ஜரி ஒழுங்கு செய்யும் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் எடுத்துக் கேளுங்கள், வெளியே இருக்கும் கணவனைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.